கறி போய்க் கரி மிஞ்சியது

நவமணிக்கு ஆசிரியை ஆக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நகை கேட்டதில்லை, நல்ல புடவை கேட்டதில்லை. பதினைந்து வருடம் அவளோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் நான். கேட்டிருந்தால் என் காதில் விழாமல் போயிருக்காது. என் காது அப்படிப்பட்டது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு இரண்டு முறை மனுப் போட்டாள். இரண்டு முறையும் கணக்குப் பாடத்தில் போதுமான கிரேடு இல்லை என்று பதில் வந்தது. மூன்றாம் முறை போடுவதற்குள் அவள் அப்பா, பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். அது எழுபத்தெட்டாம் வருடம். அன்று வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் நான்தான். பெயர் மீனாட்சி, ஊர் கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாம், அவளைவிட இரண்டு வயது மூத்தவள். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் புதைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை எலக்ட்ரானிக் சில்லில் ஒட்டும் வேலைக்கு இரண்டு பேரையும் எடுத்தார்கள்.

நான் அந்த மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவில்லை. அவள் நகர்ந்தாள். ஒரு நாள் மெஷின் நின்றுபோய், டெக்னீஷியன் வராமல், நாங்கள் எல்லாரும் ஜாலியாகக் கதை பேசிக்கொண்டிருந்தபோது, இவள் மட்டும் மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படித்து, எதையோ திருகி ஓட வைத்துவிட்டாள். எங்கள் ஓய்வு கெட்டது. அதற்காக நான் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. நிர்வாகம் அவளை டெஸ்ட் பிரிவுக்கு டெக்னீஷியனாக அனுப்பியது. அங்கே அவளுக்கென்று யூனிக்ஸ் என்ற சிஸ்டத்தில் ஓடும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

இந்தக் கதை தொடங்கியது ஒரு துண்டுச் சீட்டில். கேண்டீனில் எங்களோடு சாப்பிடும் சந்திரிகா ஒரு நாள் நவமணியின் மேசையில் தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போனாள்: "அக்கா, நாளைக்கு உங்களுக்குக் கோழிக் கரி கொண்டு வருகிறேன்." மறுநாள் நவமணி தட்டை நீட்டி, "அடுப்புக் கரியா, சாப்பிடுற கறியா?" என்று கேட்டாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சந்திரிகாவுக்கு என்ன தப்பு என்றே புரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் புரியவில்லை. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. அப்புறம் மலாய்ப் பள்ளி. வாய் கிழியத் தமிழ் பேசுவேன், எழுதச் சொன்னால் ரூமி என்கிற ஆங்கில எழுத்துதான். எங்கள் லைனில் இருந்த தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகை வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு நவமணியிடம்தான் ஓடுவோம்.

அன்று முதல் அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு உட்காருவதை நிறுத்தினாள். பொஸ்ஸிடம் அனுமதி வாங்கி, அந்த யூனிக்ஸ் மெஷினில் பாடம் எழுதத் தொடங்கினாள். வாயில் ஒன்றுபோல வந்து எழுத்தில் மாறும் சொற்கள் எல்லாவற்றுக்கும் பாடம். கறி ஒரு பக்கம், கரி ஒரு பக்கம். புளி, புலி. வெள்ளம், வெல்லம். மணம், மனம். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், நாலு வாக்கியம், கீழே ஒரு பயிற்சி. வாக்கியம் எல்லாம் எங்கள் வாயிலிருந்து பிடித்ததுதான். இரண்டு வருடத்தில் இருநூற்று எண்பது பக்கம் சேர்ந்தது.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பது என்றால் ரூமி எழுத்தில் அடிக்க வேண்டும். அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு சின்னப் புரோகிராம் அதைத் தமிழாக மாற்றி அச்சடித்துத் தரும். சின்ன எல் அடித்தால் ல, பெரிய எல் அடித்தால் ள. சின்ன ஆர் என்றால் ர, பெரிய ஆர் என்றால் ற. இரண்டு சுழி னவுக்குச் சின்ன என், மூன்று சுழி ணவுக்குப் பெரிய என். ழவுக்கு மட்டும் தனியாக இசட். நவமணி ஒவ்வொரு சொல்லையும் ஒரு தனிக் கோப்பாக வைத்து, அந்தச் சொல்லையே கோப்புக்குப் பெயராகவும் கொடுத்தாள். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வினை இங்கேதான் இருந்தது.

பாடம் இருந்தால் போதுமா, இடம் வேண்டாமா? டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடி ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடந்தது. சங்கச் செயலாளர் ஆனந்தராஜா, ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது பினாங்கில்தான், ஆனால் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தார். நானும் நவமணியும் போய்க் கேட்டோம். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"பிள்ளை, நீங்கள் பயிற்சி எடுத்த ஆசிரியரோ?"

"இல்லீங்க ஐயா. ஃபேக்டரியில டெக்னீஷியன்."

அவர் ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்து காட்டினார். வகுப்பின் பெயர், நாள், ஆசிரியர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. "இந்த ஆசிரியர் எண்ட இடத்தில நான் சும்மா ஒரு பேரை எழுதேலாது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு வகுப்பைத் துவங்குங்கோ. உங்கட புத்தகம் முழுசா மேசையில இருக்கோணும். இருந்தால் உங்கட பேர். இல்லாட்டி நான் பயிற்சி எடுத்த வாத்தியார் ஒருத்தரைப் பார்ப்பன். கோவிக்காதேங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. நவமணிக்கு வரவில்லை. ஃபெரியில் திரும்பும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு முறை மனுப் போட்டும் கிடைக்காதது ஒரு பதிவேட்டுக் கட்டத்தில் வந்து நிற்கிறது. தன் வீடு தீவில் இருந்தும், அன்று என்னோடு பேசிக்கொண்டே அக்கரைப் பட்டர்வொர்த் வரை வந்து, இறங்காமல் அதே ஃபெரியில் திரும்பிப் போனாள். ஃபெரியில் கயிறு கட்டும் வேலை பார்த்த அவள் கணவர் கார்த்திகேசு, "டிக்கெட் வாங்காத பயணி" என்று அவளைக் கிண்டல் செய்தார்.

வகுப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது தொழிற்சாலையில் அறிவிப்பு வந்தது. டெஸ்ட் பிரிவின் பழைய மெஷின்களை வெள்ளிக்கிழமை உள்ளே இருக்கும் எதுவும் மிஞ்சாமல் துடைத்து, பெட்டியில் அடைத்து, வேறு நாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். நவமணி பதறவில்லை. வியாழக்கிழமை மதியம் ஒரு புது டிஸ்க்கைப் போட்டு எல்லாவற்றையும் நகல் எடுத்தாள்.

நகல் எடுக்க ஒரு பேக்கப் புரோகிராம் இருந்தது. தினசரி ரிப்போர்ட்டுகளை அதில்தான் எடுப்பார்கள். நேற்றைய ரிப்போர்ட் மேல் இன்றைய ரிப்போர்ட்டை எழுத வேண்டியிருப்பதால், "இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மேலே எழுதட்டுமா?" என்று அது கேட்கும். எல்லாவற்றுக்கும் ஆம் என்று ஒரு பட்டனை அமுக்கிவிட வேண்டும். எட்டு வருடம் அமுக்கி அமுக்கி அவள் விரலுக்கே அது பழகிப்போயிருந்தது. அன்றும் அது கேட்டது. புத்தம் புது டிஸ்க்கில் அதே பெயரில் எப்படி ஒன்று இருக்கும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். விரல் யோசிக்குமா? அமுக்கிவிட்டது. "இருநூற்று எண்பது கோப்புகள் நகல் எடுக்கப்பட்டன, பிழை ஏதும் இல்லை" என்று திரையில் வந்தது. அவள் டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை அச்சடித்த தாளை அடுக்கித் தைக்க உதவலாம் என்று ரைபிள் ரேஞ்ச் என்ற இடத்து அடுக்குமாடியில் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். பிரிண்டர் சத்தம் வாசலிலேயே கேட்கும் என்று நினைத்தேன். வீடு அமைதியாக இருந்தது. நவமணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மீனாக்கா, பள்ளியைக் காணோம்."

"எந்தப் பள்ளி?"

"பெரிய எல் போட்ட பள்ளி. பல்லிதான் இருக்கு."

எட்டிப் பார்த்தேன். திரையில் பெயர்கள் எல்லாம் பெரிய எழுத்தில் வரிசையாக நின்றன. மொத்தம் நூற்று அறுபது. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். புளியைத் திறந்தால் உள்ளே புலி உட்கார்ந்திருந்தது. வெள்ளம் வடிந்து வெல்லம் நின்றது. ஒளி போய் ஒலி இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கார்த்திகேசு குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "கறி ஆச்சா?" என்று கேட்டார்.

"கறி போச்சுங்க," என்றாள் நவமணி, திரையைப் பார்த்தபடியே. "கரிதான் இருக்கு."

மனிதர் துண்டைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினார்.

என்ன நடந்தது என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். தொழிற்சாலையின் யூனிக்ஸுக்குச் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு. வீட்டுக் கம்ப்யூட்டரையும் அந்த டிஸ்க்கையும் ஆளும் டாஸ் என்ற சிஸ்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பெயர் எப்படி வந்தாலும் பெரிய எழுத்தாக்கி வைத்துக்கொள்ளும். வரிசையில் பெரிய எழுத்துக்காரி முதலில் போய் உட்கார்ந்தாள். பின்னால் வந்த சின்ன எழுத்துக்காரி அதே பெயரைச் சொல்லி அவள் மடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்படி ள, ற, ண மூன்றும் கூண்டோடு காலி. நூற்று இருபது பக்கம். ஆனால் நம் ஆட்கள் வாயில் முதலில் சாகும் அந்த ழ, இசட்டில் ஏறி உட்கார்ந்த புண்ணியத்தில் ஒரு கீறல் இல்லாமல் தப்பித்திருந்தது. மழை, வாழை, கிழவி எல்லாரும் பத்திரம்.

"இந்த டாஸும் நம்ம ஆளு மாதிரிதான் லா," என்றேன். "லவும் ளவும் அதுக்கு ஒண்ணுதான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தொலைபேசியை எடுத்து, டெஸ்ட் பிரிவு எஞ்சினியர் யூசுப் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"நேத்தே துடைச்சாச்சும்மா," என்றார் அவர். "நீ டிஸ்க்குல எடுத்துட்டேன்னு சொன்னியே. டாஸ் டிஸ்க்குக்கு அனுப்புறப்போ பேர் இடிக்குதான்னு அந்தப் புரோகிராம் பார்க்காது லா. கேட்கும், நீ ஆமான்னா எழுதிட்டுப் போய்டும். ஃபைல் எண்ணிக்கை மட்டும் சரியாச் சொல்லும், பாவி."

அவள் ரிசீவரை வைத்தாள். "நாளைக்கு ஆனந்தராஜா ஐயா அந்தக் கட்டத்துல வேற பேரை எழுதிடுவாரு," என்றாள். பிரிண்டரின் சுவிட்சை அணைத்தாள். இரண்டு கல்லூரிக் கடிதங்களும் வந்த அன்று அவள் எப்படி இருந்திருப்பாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அதைப் பார்க்கத் தாங்கவில்லை. எனக்குத் தாங்காவிட்டால் கோபம்தான் வரும்.

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? ஒரே நாள்ல நூத்து இருபது பக்கம் எழுத முடியுமா? வெறும் தாளைக் கொண்டுபோய் அவர் முன்னாடி நீட்டு. 'போனது இதுதான் ஐயா, பாருங்க'ன்னு சொல்லு!"

குத்தலாகத்தான் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து, "வெறும் தாள் எவ்வளவு இருக்கு பாருங்கக்கா," என்றாள்.

அன்று மாலை வரை அச்சடித்தோம். இடது பக்கம் மிஞ்சிய சொல், வலது பக்கம் வெறும் தாள். பல்லிக்குப் பக்கத்தில் வெறுமை. புலிக்குப் பக்கத்தில் வெறுமை. கார்த்திகேசு தைத்துக் கொடுத்தார். பாவம், கரியைத்தான் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பதினான்கு பெண்கள் சங்கத்து மாடியில் கூடினோம். சந்திரிகாவும் நானும் பாகான் டாலாமிலிருந்து வடிவம்மாள் அக்காவையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தோம். ஐம்பது வயதான அவர் எங்கள் கேண்டீனில் பாத்திரம் கழுவுபவர், எழுத்தே தெரியாது. ஆனந்தராஜா வெள்ளைச் சட்டையில், பதிவேட்டோடு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கம் எழுத்து, ஒரு பக்கம் வெறுமை, மறுபடியும் எழுத்து, மறுபடியும் வெறுமை.

"என்ன பிள்ளை இது? அரைப் புத்தகமோ?"

நவமணி பலகை முன்னால் போய் நின்றாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பட்டன் அமுக்கியது தன் தவறு என்றும் சொன்னாள். அப்புறம், "மீதிப் பாதியை இவங்க எழுதப் போறாங்க ஐயா. நீங்க ஒரு மணி நேரம் இருந்து பாருங்க. அப்புறம் யார் பேரை வேணும்னாலும் எழுதுங்க," என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் பலகையில் கரி என்று எழுதினாள். "இதுக்கு ஒரு இரட்டைப் பிறவி இருந்தா. கம்ப்யூட்டர் தின்னுடுச்சு. கண்டுபிடிச்சுக் கொடுங்க."

சந்திரிகாவுக்குத் தன் சீட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையைத் தூக்கி, "நாம சாப்பிடுறது!" என்று கத்தினாள்.

"அதை வச்சு ஒரு வாக்கியம்?"

"என் மாமியா வச்சா கரி, நான் வச்சா கறி."

மாடி அதிர்ந்தது. நவமணி அந்த வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதி, சந்தேகமான எழுத்துக்கு மட்டும் ஓட்டை விட்டாள். "எது எங்கே வரும்?" நாங்கள் எல்லாரும் சேர்ந்து சண்டை போட்டோம். முடிவானதும் அதைப் பார்த்து அவரவர் வெறும் தாளில் எழுதிக்கொண்டோம். எனக்கு முதலில் கை வரவில்லை. பதினைந்து வருடம் தங்கக் கம்பியை ஒட்டிய கை, ஒரு றவை எழுதத் திணறியது.

அடுத்தது புலி. வடிவம்மாள் அக்கா எழுந்து நின்றே சொன்னார்: "மீன் கறியில புளி கொறஞ்சா எங்க வீட்டுல புலி வரும்." வேலைக்கு இரட்டைப் பிறவி எது என்று நவமணி கேட்டாள். நான்தான் சொன்னேன், "மூணு ஷிப்டு வேலை இருக்கு, மூணு வேளை சோறு திங்கத்தான் நேரம் இல்ல." எல்லாரும் கை தட்டினார்கள். என் வாக்கியம் பலகையில் ஏறுவதைப் பார்த்து எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

ஆனந்தராஜாவை மறந்தே போனோம். கொல்லைக்கு இரட்டைப் பிறவி தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "கொள்ளை! ரயில்வே கேண்டீன்ல தேத்தண்ணி விக்கிற விலைக்குப் பேர் கொள்ளை!" திரும்பினோம். மனிதர் எப்போதோ நாற்காலியை முன்வரிசைக்கு இழுத்துப் போட்டிருந்தார். அவர் மடியிலும் ஒரு வெறும் தாள் இருந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, கை தூக்க மறந்திட்டன்," என்று சொல்லிவிட்டுக் கையையும் தூக்கினார்.

ஒரு மணி நேரம் என்றது இரண்டரை மணி நேரமாகிவிட்டது. முப்பத்தொரு பக்கம் திரும்பக் கிடைத்தது. தொலைந்துபோன நவமணியின் வாக்கியங்களைவிட இவை நன்றாக இருந்தன. அதை அவளே சொன்னாள், நான் மிகைப்படுத்தவில்லை. மீதிப் பக்கங்களை எழுதி முடிக்க எங்களுக்கு ஆறு மாதம் ஆயிற்று.

புறப்படும் நேரம் ஆனந்தராஜா பதிவேட்டை மேசையில் விரித்தார். "வந்தவை எல்லாரும் கையொப்பம் வையுங்கோ. தமிழில வைக்கோணும்," என்றார். ஆசிரியர் என்ற கட்டம் அப்போதும் காலியாகவே இருந்தது. நவமணி அதைப் பார்ப்பதும், பலகையைத் துடைப்பது போலத் திரும்பிக்கொள்வதுமாக இருந்தாள்.

முதலில் பேனா என் கையில் வந்தது. சம்பளச் சீட்டு, பள்ளிக்கூட ஃபாரம், கல்யாணப் பதிவு என்று எல்லாவற்றிலும் ரூமியில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு என் பெயரைத் தமிழில் எழுதியதே இல்லை. மீ எழுதினேன். அடுத்த எழுத்தில் பேனா நின்றது. என் சொந்தப் பெயர். முப்பத்தைந்து வருடமாக ஆளுக்கு ஆள் கூப்பிடும் பெயர். அதில் வருவது எந்த ன என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் பதின்மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். கூசியது. பலகைப் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"சுழி எத்தனை, டீச்சர்?"

நான் யோசித்துச் சொன்ன சொல் இல்லை அது. பதினைந்து வருடம் ஏய் நவமணி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவள் கையில் இருந்த துடைப்பான் அப்படியே நின்றது. ஆனந்தராஜா என் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கி, அந்தக் காலிக் கட்டத்தில் அவள் பெயரை எழுதி, பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டுக்கா," என்றாள் அவள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ரெண்டு சுழி."

நான் இரண்டு சுழி போட்டேன்.